தட்டினால் பாறை என்ன சொல்லும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கும் தாதுவைத் தேடுகிறார்கள் என்று ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. ‘பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்பது மாதிரி’ என்று நான் கொடுத்த உவமையைத் தஞ்சாவூர் வாசகர் ஒருவர் கண்டித்திருக்கிறார். சுவரில் காது வைக்கிறவர் சுவரைத் தட்டுவதில்லையே என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். சட்டி பானைக் கடையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிற பாட்டியைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காது வைத்துக் கேட்பதும் இந்தத் தொழிலில் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கேள்வி (மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியை): நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வயல் முழுக்க ஆரஞ்சு நிற ஒயரை இழுத்துப் போட்டார்கள். குழி போட்டு வெடி வைத்தார்கள். எண்ணெய் தேடுகிறார்கள் என்று அப்பா சொன்னார். நீங்கள் எழுதிய தாதுத் தேடலும் அதே வேலைதானா?

பதில்: அந்த ஒயரை இழுத்த கூட்டத்தில் நானும் இருந்திருக்கலாம் அம்மா. என் முதல் வேலை காவிரி டெல்டாவில்தான். சம்பா அறுப்பு முடிந்து, தரையில் உளுந்தும் பயறும் படர்ந்திருக்கும் மாதங்களில் போவோம். மிதிபட்ட உளுந்துக்கு இழப்பீடு எழுதிக் கொடுப்பதற்கென்றே எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார். எங்கள் எல்லாரையும்விட ஊர்க்காரர்களுக்கு அவரைத்தான் நன்றாகத் தெரியும். ஜியோபோன் என்பது உள்ளங்கையில் அடங்குகிற சமாச்சாரம். அடியில் ஓர் ஆணி, உள்ளே ஒரு காந்தமும் கம்பிச் சுருளும். தரை அசைந்தால் சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். ஆணியை மண்ணில் அழுத்தி நட வேண்டும், சாய்ந்தால் பதிவு கெடும். குனிந்து குனிந்து வரிசையாக நட்டுக்கொண்டு போன எங்களைப் பார்த்து, பயறு பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், “நாங்க நாத்து நடுறோம், நீங்க இரும்பு நடுறீங்க. எது முளைக்குதுன்னு பாப்போம்” என்றார். நாற்பது வருடத்தில் என் தொழிலைப் பற்றி நான் கேட்ட நல்ல விமர்சனம் அதுதான்.

கருவி அதே கருவிதான். கணக்கும் பெரும்பாலும் அதே கணக்குதான். மாறுவது பாறை. டெல்டாவுக்கு அடியில் மணல், களிமண், சுண்ணாம்பு எல்லாம் பாய் அடுக்கிய மாதிரி அடுக்கடுக்காக இருக்கின்றன. அலை அவற்றில் நொடிக்கு 2 முதல் 4 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் ஒரு பங்கு திரும்பி வரும். திரையில் பார்த்தால் கோடு கோடாக, பார்க்கவே அழகாக இருக்கும். தாமிரமும் துத்தநாகமும் தங்கமும் இருக்கிற பழம்பாறை அப்படியல்ல. மடிந்து, முறிந்து, உருகி, மறுபடி மடிந்து கிடக்கிறது. கசக்கி மூலையில் எறிந்த வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அலை அங்கே நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், எதிரொலியோ மெலிந்து வரும். எண்ணெய்ப் பதிவு பார்த்துப் பழகிய கண்ணோடு கனடாவில் முதன்முதலாகக் கடும்பாறைப் பதிவைப் பார்த்தபோது, ஒயர் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒயரில் ஒரு கோளாறும் இல்லை. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல், நடுவே அங்கங்கே ஒரு கீற்று. அந்தக் கீற்றுக்காகத்தான் அத்தனை செலவும்.

கேள்வி (சேலம், முதுநிலை இயற்பியல் மாணவி): எதிரொலியை வைத்து ‘இது தாமிரம், இது தங்கம்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படித்தால் போதும்.

பாட்டி பானையைச் சுண்டினால் விரிசல் இருக்கிறதா என்று தெரியும். அதில் குழம்பு வைத்தார்களா ரசம் வைத்தார்களா என்று தெரியாது. நீ இயற்பியல் படிக்கிறாய், அதனால் கொஞ்சம் கணக்கோடே சொல்கிறேன். ஒரு பாறையின் அடர்த்தியை அதில் அலை ஓடும் வேகத்தால் பெருக்கு. அதுதான் அந்தப் பாறை அலைக்குக் காட்டும் ‘தடை எண்’ என்று வைத்துக்கொள். பக்கத்துப் பக்கத்துப் பாறைகளின் தடை எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், எதிரொலி எவ்வளவு என்று வரும். சாதாரண கிரானைட் வகைப் பாறைக்கு அடர்த்தி 2.7, வேகம் 6, பெருக்கினால் 16 சொச்சம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டுக்கு அடர்த்தி 5, வேகம் 8, ஆக 40. வித்தியாசம் மலைபோல. பைரைட் மொத்தமாகக் குவிந்திருந்தால் அலை முட்டித் திரும்பாமல் எங்கே போகும்? பைரைட்டின் உறவுக்காரனான பைரோட்டைட்டில் அலை நத்தை மாதிரிதான் போகும், 5 கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் அடர்த்தி 4.6 இருப்பதால் அதுவும் பெருக்கலில் தப்பித்துவிடுகிறது. ஈயத் தாதுவான கலீனாவில் இன்னும் மெதுவாக, 4 கிலோமீட்டருக்கும் குறைவாகப் போகும். அதன் அடர்த்தி 7.5 என்பதால் பெருக்கல் 28-க்குப் பக்கத்தில் வரும். அனுப்பிய அலையில் 6 சதவீதம் திரும்பி வந்தாலே கடும்பாறையில் வேலை செய்கிற எங்களுக்குத் தீபாவளி.

சிக்கல் என்னவென்றால், தாது இல்லாத கருங்கல் வகைகளும் இதே வித்தியாசத்தைக் காட்டும். கேப்ரோ என்று ஒரு பாறை. அதன் தடை எண் 20 வரும். கிரானைட்டுக்குள் ஒரு கேப்ரோத் தகடு கிடந்தால் 10 சதவீதம் திரும்பி வரும். திரையில் அதுவும் ஒரு கீற்று, தாதுவும் ஒரு கீற்று. இந்தக் கேப்ரோ எனக்குச் செய்ததைக் கீழே ஓசூர்க்காரருக்குச் சொல்கிறேன்.

இன்னொன்று அளவு. அலைநீளம் என்பது வேகத்தை அதிர்வெண்ணால் வகுப்பது. 6,000 மீட்டர் வேகம், 60 ஹெர்ட்ஸ் என்றால் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டர் தடிமனுக்குக் குறைந்த எதன் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. தங்கம் எவ்வளவு தடிமனில் இருக்கும்? ஒரு டன் கல்லில் சில கிராம். அலைக்கு அது இருப்பதே தெரியாது.

அப்படியென்றால் தங்கத்துக்கு இதை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பாய். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டைப் பார். உலகம் இதுவரை தோண்டி எடுத்த தங்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. அங்கே தங்கம் இருப்பது கூழாங்கல் இறுகிய மெல்லிய படுகையில். பல இடங்களில் அது ஒரு மீட்டர்கூட இருக்காது. எதிரொலிக்கு அது பிடிபடாது. ஆனால் அவற்றில் ஒரு படுகைக்கு நேர் மேலே வென்டர்ஸ்டார்ப் எரிமலைக் குழம்பு பரவி இறுகிக் கிடக்கிறது. கீழே குவார்ட்சைட், அதாவது இறுகிக் கெட்டியான மணற்பாறை. குழம்புப் பாறைக்கும் குவார்ட்சைட்டுக்கும் உள்ள எல்லை பளிச்சென்று எதிரொலிக்கும். படுகை அந்த எல்லையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் தெரியாவிட்டாலும் அவர் குடியிருக்கும் தெரு தெரிகிறது. 1980-களிலிருந்தே அங்கே இந்த வேலை நடக்கிறது. 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு அலை போய்த் திரும்ப ஆகும் நேரம் ஒரே ஒரு நொடி! அந்த ஒரு நொடிப் பதிவில், படுகை எங்கே முறிந்து இருபது முப்பது மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். அது தெரியாமல் சுரங்கப் பாதை வெட்டினால், படுகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கல் வந்து நிற்கும்.

கேள்வி (கோலார் தங்கவயல்): என் தாத்தா தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியபோது அப்பா அழுதார். இந்த முறை அப்போது இருந்திருந்தால் இன்னும் தங்கம் கண்டுபிடித்துச் சுரங்கத்தைக் காப்பாற்றியிருக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் தம்பி. ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முறை அப்போதே இருந்தது. உங்கள் ஊர்ப் பாறைதான் அதற்கு ஒத்துவராது. கோலாரில் தங்கம் இருந்தது குவார்ட்ஸ் கல் நரம்புகளில். சாம்பியன் நரம்பு பல இடங்களில் ஒரு மீட்டர் அகலம்தான். அதைக்கூட விடுங்கள், அது படுத்திருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. மேலே மேற்குப் பக்கமாகச் சாய்ந்து, ஆழம் போகப் போகக் கிட்டத்தட்டச் செங்குத்தாகிவிட்டது. தரையிலிருந்து அனுப்பும் அலை படுத்திருக்கும் தகட்டில் பட்டால் நேராகத் திரும்பி வரும். நிற்கும் தகட்டில் பட்டால் பக்கவாட்டில் தெறித்து எங்கோ போய்விடும். கண்ணாடியைத் தரையில் வைத்து மேலிருந்து எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிறது. அதையே நிமிர்த்தி நிறுத்திவிட்டு நேர் மேலிருந்து பார்த்தால் அதன் விளிம்பு மட்டும்தானே தெரியும்? துளைக்குள் ஜியோபோனை இறக்கிப் பக்கவாட்டில் கேட்கலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் கோலாரை மூடியது தெரியாமை அல்ல. ஆரம்ப காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த கல், கடைசியில் சில கிராமாக இறங்கிவிட்டது. அதை 3 கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து, கொதிக்கிற பாறைக்குக் காற்றுக் கொடுத்து, தண்ணீரை இறைத்து மேலே கொண்டுவர வேண்டும். 120 வருடத்தில் சுமார் 800 டன் கொடுத்த மண் அது.

ஆனால் பாறையின் ஓசையைக் கேட்கிற வேலையில் உங்கள் ஊர் யாருக்கும் இளைத்ததல்ல. ‘ஏர் பிளாஸ்ட்’ என்று தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று தானே வெடித்துச் சிதறுவது. அதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மேலே ஊரில் பாத்திரம் உருளும், கீழே ஆள் போய்விடும். 1970-களின் பிற்பகுதியிலிருந்து சுரங்கத்துக்குள்ளும் தரை மேலும் ஜியோபோன்களைப் பரப்பி, ஒவ்வொரு முறிவும் எந்த ஜியோபோனுக்கு எத்தனை மில்லிநொடி முன்னால் வந்தது என்று பார்த்து, முறிந்த இடத்தைக் குறித்துவைத்தார்கள். எங்கே சத்தம் கூடுகிறதோ அங்கே அடுத்த ஆபத்து. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் உங்கள் ஊரில் அமைந்தது சும்மா இல்லை. தஞ்சாவூர்க்காரருக்கு நான் பாக்கி வைத்த ‘காது வைத்துக் கேட்பது’ இதுதான். வெடியும் இல்லை, தட்டுவதும் இல்லை. பாறை தானாகப் பேசும்போது கவனிப்பது.

உங்கள் தாத்தா எந்த ஷாஃப்டில் இறங்கினார் என்று தெரிந்தால் எழுதுங்கள். வேலைக்காக அல்ல, எனக்காக.

கேள்வி (ஓசூர், இயந்திரப் பொறியாளர்): நேராகக் கேட்கிறேன். இந்த முறையால் உண்மையிலேயே எங்காவது ஒரு தாதுவைக் கண்டுபிடித்திருக்கிறார்களா? நீங்கள் கண்டுபிடித்தது உண்டா? விமானத்தில் பறந்து காந்தப்புலத்தை அளந்தாலே போதாதா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். போதும், ஆழம் குறைவாக இருந்தால். ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் 1975-ல் காந்தப்புலம், ஈர்ப்புவிசை இரண்டையும் அளந்து துளையிட்டுக் கண்டுபிடித்ததுதான். சுமார் 350 மீட்டர் வெறும் பாறைக்கு அடியில் ஒரு ராட்சதப் புதையல். ஆனால் அது ராட்சதன் என்பதால் தெரிந்தது. ஒரு கிலோமீட்டருக்குக் கீழே நடுத்தர அளவுத் தாது கிடந்தால் அதன் ஈர்ப்பு மேலே வருவதற்குள் பரந்து மங்கிவிடும். இடி மின்னலைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல, எங்கோ இருக்கிறது, எங்கே என்று சொல்ல முடியாது. ஆழம் கூடினாலும் விளிம்பை ஓரளவு கூர்மையாகக் காட்டுவது அதிர்வு அலைதான். மேலாகக் கிடந்ததையெல்லாம் நம் முன்னோர்கள் எடுத்துத் தீர்த்துவிட்டதால்தான் இந்த விலை உயர்ந்த விவகாரத்துக்கு மவுசு.

கண்டுபிடித்ததற்கு நல்ல உதாரணம் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணம், பாதர்ஸ்ட் சுரங்க வட்டாரத்தில் ஹாஃப்மைல் லேக். துத்தநாகம், ஈயம், தாமிரம் கலந்த சல்ஃபைடு (கந்தகம் சேர்ந்த) தாது அங்கே இருப்பது ஏற்கெனவே தெரியும். 1990-களில் முப்பரிமாண அதிர்வாய்வு செய்தார்கள். சுமார் 1.2 கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் எதிரொலி. துளையிட்டார்கள், தாதுவிலேயே போய் இறங்கியது. எங்கள் தொழிலில் இதைச் சொல்லாத ஆளே இல்லை, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் வெளிநாட்டு வேலையைச் சொல்வது போல. எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்த ஆழத்துத் தாதுக் கட்டி சின்னது, பருப்பு மாதிரி. சின்னப் பொருள் கோடாக எதிரொலிக்காது, நாலாப் பக்கமும் அலையைச் சிதறடிக்கும். பதிவில் அது கவிழ்த்த வாணலி மாதிரி ஒரு வளைவாக வரும். எண்ணெய்க்காரர் பலருக்கு அந்த வளைவு, துடைத்து எறிய வேண்டிய அழுக்கு. கடும்பாறைக்காரருக்கு அதுதான் சாமி. கட்டி சாய்ந்திருந்தால் வாணலியின் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கும், சாய்ந்த பக்கம். கண் பழகினால்தான் பிடிபடும்.

இப்போது என் கதை. கனடாவின் வடக்கே ஒரு நிறுவனத்துக்குப் பதிவுகளைச் செம்மைப்படுத்தும் வேலை. கோடையில் அங்கே சதுப்பு, கால் வைக்க முடியாது. குளிர்காலத்தில் எல்லாம் உறைந்த பிறகு தரையில் துளை போட்டு ஜியோபோனை இறக்குவார்கள். பதிவு என் மேசைக்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. காரணம் மேல்மண். ஓரிடத்தில் பாறை தரைக்கு மேலேயே தெரியும். பத்தடி தள்ளி எட்டு மீட்டர் சேறு. சேற்றில் அலை நொடிக்கு 1,000 மீட்டர்தான் போகும் என்றால் எட்டு மீட்டருக்கு எட்டு மில்லிநொடி தாமதம். 60 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழுச் சுற்றே 16 மில்லிநொடிதான். அரைச் சுற்று தள்ளிப் போனால் ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் சேர்ந்து இரண்டும் காலி. ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து உயிரைக் கொடுத்து வந்த எதிரொலியைக் கடைசி எட்டு மீட்டர் சேறு கொன்றுவிடும். அதை ஒவ்வொரு ஜியோபோனுக்கும் கணக்குப் போட்டுத் திருத்துவதற்குப் பெயர் ஸ்டாட்டிக்ஸ். மூன்று மாதம் அதையே செய்தேன். கண்ணை மூடினால் கனவிலும் கோணல் கோடு.

மூன்று மாதம் கழித்து 900 மீட்டர் வாக்கில் ஒரு கீற்று எழுந்து வந்தது. கிண்ணம் மாதிரி வளைந்த கீற்று. அதுவரை யாரும் பார்க்காத ஒன்றை நான் மட்டும் பார்க்கிறேன் என்ற கர்வம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. கூட்டத்தில் நான்தான் விளக்கினேன். “தாது என்று சொல்ல மாட்டேன், ஆனால்…” என்று இழுத்தேன். அந்த ‘ஆனால்’ போதுமாக இருந்தது. அந்த ஆழத்துக்கு ஒரு துளை போட லட்சக்கணக்கான டாலர். போட்டார்கள். ஒரு நாள் காலை, துளைக் கொட்டகையிலிருந்து அங்கிருந்த நிலவியல் வல்லுநர் தொலைபேசியில் கூப்பிட்டார். “உங்கள் கணக்கு அபாரம். ஆழத்தில் பத்து மீட்டர்கூடத் தப்பவில்லை” என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். “கல்தான் தப்பு” என்றார்.

கேப்ரோ. கருப்பும் பச்சையும் கலந்த அழகான கல், தாது ஒரு பொட்டுக்கூட இல்லை. துளையிலிருந்து வந்த உருளைக் கல்லில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எனக்கு அனுப்பிவைத்தார்கள். கேலியா, அன்பா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதைத்தான் இப்போது உங்கள் கடிதங்கள் மேல் வைத்திருக்கிறேன், மின்விசிறியில் பறக்காமல் இருக்க.

ஆக, நான் கண்டுபிடித்தது உண்டா என்ற கேள்விக்கு: உண்டு, ஒரு கேப்ரோ.

கேள்வி (டொராண்டோ): வெடி வைத்து, காட்டை வெட்டி வழி போட்டுத்தான் இதைச் செய்ய வேண்டுமா? ஆதிக்குடிகளின் நிலங்களில் இது பெரிய பிரச்சினை ஆகிறதே?

பதில்: நியாயமான கேள்வி. பல இடங்களில் இப்போது வெடிக்குப் பதில் வைப்ரேட்டர் லாரி. இருபது டன்னுக்கு மேல் எடை. வயிற்றுக்கு அடியில் ஒரு தகட்டைத் தரையில் அழுத்தி நடுங்கும். கீழ்ஸ்தாயியில் 10 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து மேலே 100 வரை ஒரே மூச்சில் பதினைந்து இருபது நொடி இழுக்கும். வெடி என்றால் ‘டம்’ என்று ஒரே அடி, எதிரொலியைத் தனியாகப் பார்க்கலாம். இந்த நீண்ட இழுப்பின் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பித்தான் வரும். கணினி, அனுப்பிய இழுப்பைப் பதிவு நெடுக வைத்து வைத்துப் பார்த்து, எங்கெங்கே பொருந்துகிறதோ அங்கங்கே ஒரு புள்ளி வைக்கும். திருவிழா இரைச்சலில் நாதஸ்வரக்காரர் என்ன வாசிக்கிறார் என்று பழகிய காது கண்டுபிடிக்கிறதே, அது மாதிரி. ஆனால் இருபது டன் லாரிக்கும் பாதை வேண்டும். மரம் வெட்டுவது முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

லாரியும் வேண்டாம் என்கிற வழியும் இருக்கிறது. பின்லாந்தின் கிழக்கே கைலிலாட்டி என்ற தாமிரச் சுரங்கத்தைச் சுற்றி 2016-ல் ஆயிரத்துக்கு அருகில் கருவிகளைத் தரையில் வைத்துவிட்டு ஒரு மாதம் சும்மா இருந்தார்கள். சுரங்கத்து வெடிச் சத்தம், சாலையில் போகிற லாரி எல்லாம் பதிவாகிக்கொண்டே இருந்தன. இரண்டு கருவிகளின் பதிவுகளை ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இரைச்சல் உதிர்ந்து, ஒரு கருவி இருந்த இடத்தில் வெடி வைத்து மற்றதில் கேட்டது போன்ற பதிவு மிஞ்சும். கணக்கில் சரிதான் என்று தெரிந்தும் எனக்கு அதை நம்பச் சில வருடம் ஆனது. வெடி வைத்துச் செய்த பதிவின் தெளிவு அதில் வராது. ஆனால் காடு காடாகவே இருக்கும். அந்தச் சுரங்கத்தை 2020-ல் மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் கேட்டுவிட்டால் தாது முளைத்துவிடுவதில்லை.

கைலிலாட்டிக்குப் பக்கத்தில்தான் அவுட்டோகும்பு. அந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் முடியாது. 1908-ல் கிவிசல்மி என்ற இடத்தில் கால்வாய் தூர்வாரும்போது தாமிரம் மினுக்கிய ஒரு பாறாங்கல் அகப்பட்டது. ஊரில் அந்த மாதிரிக் கல்லே இல்லை. பனியுகத்துப் பனிப்பாறை எங்கிருந்தோ இழுத்து வந்து போட்டது. ஓட்டோ ட்ரூஸ்டெட் என்ற பொறியாளர் பனி நகர்ந்த திசையைப் பார்த்து, அதற்கு எதிர்த்திசையில் வடமேற்காகத் தேடிப் போய், சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி 1910-ல் தாதுவையே கண்டுபிடித்தார். கையில் ஒரு கல்லும் நிதானமும் மட்டும்.

நூறு வருடம் கழித்து அதே ஊரில் நடந்தது இன்னும் சுவாரசியம். சோவியத் யூனியன் பின்லாந்துக்குக் கடன் பாக்கி வைத்துவிட்டு உடைந்துபோனது. ரஷ்யா அந்தப் பாக்கியில் ஒரு பகுதியை வேலையாகக் கழித்தது. 2001-லிருந்து ரஷ்யக் குழுவினர் வைப்ரேட்டர் லாரிகளோடு வந்து பின்லாந்தின் சாலைகளில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் அதிர்வாய்வு செய்து கொடுத்தார்கள். அவுட்டோகும்புக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் பளிச்சென்று ஒரு கீற்று. அந்த வட்டாரத்தில் தாமிரம் எந்தப் பாறைக் குடும்பத்தோடு வருமோ அதுவாக இருக்கலாம் என்று யூகித்து, 2004–05-ல் அதே கடன் கணக்கில் 2,516 மீட்டருக்கு ஒரு துளையும் போட்டார்கள். 1.3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே அந்தப் பாறைக் குடும்பமே வந்தது: செர்பென்டினைட், ஸ்கார்ன் எல்லாம். தாமிரச் சுரங்கம் வைக்கிற அளவுக்குத் தாது? இல்லை. வீடு சரியான வீடு, கதவைத் திறந்தால் ஆள் இல்லை. எனக்கு அதைப் படித்தபோது என் கேப்ரோமேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

ஆதிக்குடிகள் பற்றி: என் அனுபவத்தில், வரைபடத்தோடு முதலில் ஊர்க் கூட்டத்துக்குப் போன குழுக்களுக்கு வேலை நடந்தது. ஒயரோடு முதலில் போன குழுக்களின் ஒயர் அறுந்தது. டெல்டாவிலும் அப்படித்தான்.

கேள்வி (பழனி): எங்கள் பக்கம் வெடி வைத்து ஏதோ ஆராய்ச்சி செய்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். புதையலா?

பதில்: புதையல் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆந்திராவில் குப்பம் என்ற ஊரிலிருந்து பழனி வரை ஒரு நீண்ட கோட்டில் செய்த ஆய்வாக இருக்கலாம். பூமியின் மேலோடு அங்கே எவ்வளவு தடிமன் என்று பார்த்தார்கள். நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். இதே நிறுவனம் 1970-களில் சோவியத் உதவியோடு காவலியிலிருந்து உடுப்பி வரை, வங்காள விரிகுடாக் கரையிலிருந்து அரபிக்கடல் கரைக்கு, சுமார் 600 கிலோமீட்டர் இப்படித் தட்டிப் பார்த்திருக்கிறது. அவ்வளவு ஆழத்துக்குப் பார்க்கிற கண்ணாடியில் ஒரு தாதுக் கட்டி தெரியாது.

கேள்வி (சேலம், அதே மாணவி, இரண்டாவது கடிதம்): இதைப் படிக்க எங்கே சேரலாம்?

பதில்: தன்பாத் ஐ.ஐ.டி., ஹைதராபாத் உஸ்மானியா, விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம், மூன்றிலும் புவி இயற்பியல் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் முதல் விடுமுறையில் ஒரு களக் குழுவோடு போய் ஜியோபோன் நட்டுப் பார். முதுகு தாங்கினால் தொடரலாம்.

கேள்வி (பென்னாகரம், விவசாயி): மூன்று போர் போட்டு மூன்றும் புகைந்துவிட்டது. எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தவர் சொன்ன இடமும் அதில் ஒன்று. நாலாவதற்கு முன் இந்த அதிர்வு முறையில் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், ஆனால் நான் மேலே எழுதிய பெரிய வேலை எதுவும் வேண்டாம் ஐயா. உங்கள் பக்கம் கடும்பாறை. தண்ணீர் இருப்பது மேலே உள்ள மக்கிய பாறையிலும், கீழே வெடிப்புகளிலும். ஓர் இரும்புத் தகட்டைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து, இருபது முப்பது ஜியோபோனில் முதலில் வரும் அலையை மட்டும் பார்த்தாலே மக்கிய பாறை எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். மக்கிய பாறையில் அலை தள்ளாடிக்கொண்டு வரும், கெட்டிப் பாறையில் நொடிக்கு 5 கிலோமீட்டருக்கு ஓடும். ஆனால் அந்த மக்கிய பாறையில் தண்ணீர் இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று கேட்க, தரைக்குள் மின்சாரம் விட்டு மின்தடை பார்க்கிற முறைதான் மலிவு, பழக்கமானதும்கூட. நாலு கம்பியை நட்டு, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்ப்பார்கள். அதை முதலில் செய்யுங்கள். செய்ய வருகிறவர் ஒரே இடத்தில் மட்டும் பார்த்துவிட்டுக் கை காட்டினால் விடாதீர்கள். நிலத்தில் நாலைந்து இடத்திலாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வேலை உங்களால் இப்போதே முடியும். அந்த மூன்று போர் போட்டபோது எத்தனை அடியில் கல் நிறம் மாறியது, எத்தனை அடியில் தூள் ஈரமாக வந்தது, எத்தனை அடிக்குக் கேசிங் பைப் இறக்கினார்கள் என்று வண்டிக்காரரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பைப் இறக்கிய ஆழம்தான் கிட்டத்தட்ட உங்கள் மக்கிய பாறையின் ஆழம். மூன்றும் நிலத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று கையால் ஒரு படம் போடுங்கள், கிணறு இருந்தால் அதையும். பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், நான் பார்த்து எழுதுகிறேன். அதுவரைக்கும் நாலாவதற்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.